பாதியில் நின்ற குவில்ட்டை எது முடிக்க வைக்கும்?

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே, சிறு துணித்துண்டுகளை வடிவம் வடிவமாக இணைத்துத் தைத்த முகப்பு. நடுவில் பஞ்சு அடுக்கு. அடியில் பின்புறத் துணி. மூன்றையும் அசையாதபடி நூலோட்டி, எல்லா அடுக்குகளையும் ஊடுருவும்படி தையல் போட்டு, ஓரத்துக்குப் பட்டி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அமெரிக்காவில் இதில் ஈடுபட்டவர்களின் அலமாரிகளைத் திறந்தால், இந்தக் கட்டங்களில் ஏதாவது ஒன்றில் நின்றுபோன வேலைகள் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒரு பெட்டியில் வெட்டியதோடு விட்ட துண்டுகள், இன்னொன்றில் முகப்பு மட்டும் முடிந்த துணி, மற்றொன்றில் ஓரப்பட்டிக்காக மட்டும் காத்திருக்கும் போர்வை. இப்படிச் சேர்ந்தவற்றை முடித்தே தீருவது என்று ஜனவரிதோறும் சபதம் எடுப்பவர்கள் ஏராளம். முடியாமல் போனால், "எனக்குப் பொறுமை போதவில்லை" என்று தங்களையே நொந்துகொள்வார்கள். அவர்கள் அப்படி நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதற்கு உளவியலில் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன.

கஷ்டம் எங்கே தொடங்குகிறது?

முதலில் ஒரு கணக்கு. 12 அங்குலச் சதுரம் ஒன்றை ஒரு மாலைப் பொழுதில் தைத்துவிடலாம். நிறம் தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, முனைகள் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்ப்பது என ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன மகிழ்ச்சி உண்டு. அன்றைய உழைப்புக்கான பலன் அன்றைக்கே கைக்கு வந்துவிடும்.

முகப்பு முடிந்ததும் நிலைமை மாறுகிறது. இருவர் படுக்கும் கட்டிலுக்கான போர்வை 90 அங்குல அகலம், 100 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். 2 அங்குல இடைவெளியில் நீளவாக்கில் நேர்கோடுகள் தைத்தால் சுமார் 45 கோடுகள். மொத்தம் 4,500 அங்குலம், அதாவது 114 மீட்டர் தையல். அதையே கையால், அங்குலத்துக்கு 8 தையல் வீதம் போட்டால் 36,000 தையல்கள். வீட்டுத் தையல் மெஷினில் ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவே உள்ள இடம் ஏறக்குறைய ஒரு சாண்தான். பஞ்சு வைத்த அவ்வளவு பெரிய போர்வையைச் சுருட்டி அந்த இடைவெளிக்குள் நுழைத்துத் தள்ளிக்கொண்டே தைக்க வேண்டும். மணிக்கணக்கில் தைத்தாலும் பார்வைக்குப் பெரிய மாற்றம் தெரியாது.

பல குவில்ட்டுகள் முகப்போடு நின்றுபோவதற்கு இது ஒரு காரணம். வேலையின் நடுப்பகுதியில் ஊக்கம் சரிவதை ஆண்ட்ரியா பொனெசியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-ல் சோதனைகளில் காட்டினார்கள். தொடங்கும்போது, கடந்து வந்த தூரம் உற்சாகம் தருகிறது. முடியும் தறுவாயில், மீதமுள்ள தூரம் குறைவது உந்துகிறது. நடுவில் நிற்பவருக்கு இரண்டு முனைகளுமே தொலைவில் இருக்கின்றன.

இதற்கு ஒரு வழியை 2012-ல் மின்ஜங் கூ, ஆயலெட் ஃபிஷ்பாக் இருவரின் ஆய்வு காட்டியது. முடித்தது, மீதமிருப்பது என்ற இரண்டில் எது சிறியதோ அதைக் கவனித்தால் ஊக்கம் கூடுகிறது. பாதி தாண்டும்வரை "ஆறு கோடு முடித்துவிட்டேன்" என்று எண்ண வேண்டும். பாதி தாண்டியதும் "இன்னும் ஆறுதான்" என்று எண்ண வேண்டும். 45 கோடுகளை ஐந்தைந்தாகப் பிரித்துக்கொண்டால் நடுப்பகுதி என்பதே சுருங்கிவிடும்.

அரைகுறை வேலை ஏன் உறுத்துகிறது?

1920-களில் பெர்லினில் குர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் இரண்டு மாணவிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான புளூமா செய்கார்னிக், களிமண் உருவம் செய்வது, அட்டைப்பெட்டி மடிப்பது, கணக்குப் போடுவது போன்ற வேலைகளை ஆட்களுக்குக் கொடுத்து, பாதி வேலைகளை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். முடித்த வேலைகளைவிட முடிக்காதவையே அவர்களுக்கு அதிகம் நினைவிருந்தன என்று 1927-ல் எழுதினார். மற்றவர் மரியா ஓவ்சியான்கினா. இடைநிறுத்தப்பட்டவர்களை யாரும் வற்புறுத்தாதபோதும், வாய்ப்புக் கிடைத்ததும் அவர்கள் தாமாகவே பழைய வேலைக்குத் திரும்பியதை 1928-ல் பதிவு செய்தார்.

செய்கார்னிக்கின் முடிவுதான் உலகப் புகழ் பெற்றது. ஆனால், இத்தனை ஆண்டுகளில் நடந்த சோதனைகளைத் திரட்டி 2025-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முடிக்காத வேலை கூடுதலாக நினைவில் நிற்கிறது என்பதற்குப் பொதுவான ஆதாரம் இல்லை என்று கண்டது. நிலைத்து நின்றது ஓவ்சியான்கினாவின் கண்டுபிடிப்பு. விட்ட வேலைக்குத் திரும்பும் நாட்டம் மனிதரிடம் உண்மையாகவே இருக்கிறது. முடிக்கும் ஆசையைப் புதிதாக எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை. குறுக்கே நிற்கும் தடையை நீக்கினால் போதும்.

அந்தத் தடை பெரும்பாலும் எடுக்கப்படாத ஒரு முடிவுதான். பின்புறத்துக்கு எந்தத் துணி? கைத்தையலா, மெஷினா? 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள், செய்ய வேண்டிய வேலைகளை ஆட்களுக்கு நினைவூட்டிவிட்டு ஒரு நாவலின் சில பக்கங்களைப் படிக்கச் சொன்னார்கள். முடிக்காத வேலையின் நினைப்பு வாசிப்பில் குறுக்கிட்டது. எப்போது, எப்படிச் செய்வேன் என்று தெளிவான திட்டம் எழுதியவர்களுக்கோ, வேலை இன்னும் முடியாத நிலையிலும் அந்த இடையூறு வெகுவாகக் குறைந்தது.

குவில்ட் குழுக்கள் இதை அனுபவத்திலேயே அறிந்திருக்கின்றன. பாதியில் நிற்கும் 12 வேலைகளை எண் போட்டு எழுதிக்கொள்வார்கள். மாதம் ஓர் எண் அறிவிக்கப்படும். அந்த எண்ணுக்கு உரியதை அந்த மாதத்தில் கையில் எடுக்க வேண்டும். எதை முதலில் எடுப்பது என்ற குழப்பம் அதோடு ஒழிந்தது.

துணிக்கும் வயதாகிறது

பெட்டியில் இருப்பதால் துணி பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. மூன்று அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்க நூலோட்டுவதற்குப் பதில் பலர் ஊக்குகளைக் குத்தி வைப்பதுண்டு. அப்படியே சில ஆண்டுகள் கிடந்த ஒரு போர்வையில் ஓர் ஊக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே போன இடத்திலும் வெளியே வந்த இடத்திலும் பழுப்பு வளையம் படிந்திருக்கலாம். அது கறை மட்டும் அல்ல. ஈரப்பதம் பட்டுத் துருவேறிய இரும்பு, பருத்தியின் செல்லுலோஸ் இழை ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிதைவதை வேகப்படுத்துகிறது. அந்த இடத்தை நகத்தால் கீறினால் நூல் பொடிவது உண்டு. ஒரே மடிப்பில் கிடக்கும் துணியும் மடிப்புக் கோட்டில் நலிகிறது. சாதாரண மரப்பலகையும் அட்டைப்பெட்டியும் அமிலத்தை வெளியிட்டுத் துணியை மஞ்சளாக்குகின்றன. அதனால் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, ஊக்குகளை எடுத்துவிட்டு மடிப்பை மாற்றுவது. எதை முதலில் முடிப்பது என்ற கேள்விக்கும் துணியின் நிலையே பதில் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் முடிக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. ஹால் ஆர்க்கெஸ், கேத்தரின் புளூமர் 1985-ல் கேட்ட கேள்வி பிரபலமானது. ஒரே வார இறுதிக்கு இரண்டு பனிச்சறுக்குப் பயணச் சீட்டுகள். ஒன்று 100 டாலர், மற்றொன்று 50 டாலர். 50 டாலர் பயணம்தான் அதிக இன்பம் தரும் என்பது தெரியும். பணம் திரும்பாது. எதற்குப் போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள் 100 டாலர் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்ட காசு அவர்களை இழுத்தது. விலை கொடுத்து வாங்கிய துணியும் இப்படித்தான் நம்மைக் கட்டிப்போடுகிறது. இன்று இதைக் கடையில் பார்த்தால் தைக்க ஆசைப்படுவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால், தைக்க ஆசைப்படும் ஒருவரிடம் மனதாரக் கொடுத்துவிடலாம். கார்ஸ்டன் ராஷ் குழுவினரின் 2003 ஆய்வில், எட்ட முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களிடம் மனநலமும் மேலாகக் காணப்பட்டது.

சில வேலைகள் நின்றுபோவதற்குக் காரணம் மரணம் அல்லது நோய். தாய் பாதி தைத்து வைத்துவிட்டுப் போன போர்வையைத் தூக்கி எறியவும் முடியாது, தைக்கவும் தெரியாது என்ற நிலையில் பிள்ளைகள் தவிப்பார்கள். ஜென் சிமோனிக், மேசி கேப்லன் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் 2022-ல் 'லூஸ் எண்ட்ஸ்' என்ற அமைப்பை அவர்களுக்காகவே தொடங்கினார்கள். அந்தக் கைவேலை தெரிந்த தன்னார்வலர் ஒருவரை அது தேடிச் சேர்த்துவைக்கிறது. அவர் அதைக் கட்டணமின்றி முடித்துக் குடும்பத்திடம் திருப்பித் தருகிறார்.

அந்நியர் ஒருவர் அந்த வேலையைத் தொடர, இது யாருக்காகத் தொடங்கியது, எந்த வடிவம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பவை தெரிய வேண்டும். அதைத் தைத்தவருக்கே சில வருடங்கள் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது தேவைப்படுவதும் இதே விவரங்கள்தான். எனவே இன்று ஒரு தையல்கூடப் போட நேரம் இல்லாவிட்டாலும் பெட்டிகளை வெளியே எடுங்கள். யாருக்கு, அடுத்த வேலை என்ன, எந்த நாளில் எடுப்பது என்று மூன்று வரி எழுதி, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வையுங்கள். எந்தப் பெட்டிக்கு அந்த மூன்று வரி எழுத வரவில்லையோ, அதைத்தான் கொடுத்துவிடலாம்.