கடல்நீரைக் குடிநீராக்கினால் போதுமா? படியும் கல்லை யார் கவனிப்பது?

கிணற்று நீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்லை நம்மில் பலர் பார்த்திருப்போம். தேசிக்காய்ச் சாறு ஊற்றினால் நுரைத்துக் கரையும். இறக்காமத்தில் சாதாரண தர மாணவர்களுக்கு நான் கல்சியம் காபனேற்று என்று கற்பிப்பது இதைத்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் பெரும் நிலையங்களுக்கும் இதுவே பகை.

2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கு, தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுள்ள நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் நமது கரையோரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று பேசுவோரைச் சந்திக்கிறேன். நியாயமான ஆசைதான். ஆனால் அதை எப்படிப் பராமரிப்பது என்று எவரும் கேட்பதில்லை.

நமது சகோதரர்கள் பலர் வேலை செய்த வளைகுடாவில், பழைய நிலையங்கள் கடல்நீரைச் சூடாக்கி ஆவியாக்கின. (ஜித்தாவில் அன்றைய இயந்திரத்தை மக்கள் 'கிந்தாஸா' என்றார்கள், 'கொன்டென்ஸர்' அரபு நாவில் அப்படியாயிற்று.) சூடேறும்போது நீரிலுள்ள இருகாபனேற்று பிரிந்து காபனீரொட்சைட்டு வெளியேறும், கல்சியம் காபனேற்று குழாய்ச் சுவரில் ஒட்டும். சீனி சூட்டில் கூடுதலாகக் கரையும். இது நேர்மாறு, சூட்டில் கரைதிறன் குறையும். படிவு வெப்பத்தைத் தடுப்பதால் எரிபொருள் வீணாகும். அதனால்தான் குழாய்களுக்குள் இறப்பர்ப் பந்துகளை ஓடவிட்டுத் தேய்க்கிறார்கள்.

தாளையடியில் உள்ளது போன்ற ஆர்.ஓ. முறையில் சூடு இல்லை, அழுத்தம்தான். 100 லீற்றர் கடல்நீரில் சுமார் 40 லீற்றர் நன்னீராகப் பிரிந்தால், மிச்சம் 60 லீற்றரில் ஏறக்குறைய முழு உப்பும் தங்கும். மென்சவ்வின் மேற்பரப்பில் செறிவு இன்னும் அதிகம். கல் அங்கேதான் முளைக்கிறது. இதற்குப் படிவுத் தடுப்பி சேர்ப்பார்கள், லீற்றருக்குச் சில மில்லிகிராம் மட்டும். அது கல்சியத்தை அகற்றுவதில்லை. உருவாகும் பளிங்கில் ஒட்டி வளரவிடாமல் தடுக்கிறது, அவ்வளவே. கூட்டிப் போட்டால் நல்லது என்பதும் தவறு, அளவு மிஞ்சினால் அதுவே மென்சவ்வை அடைக்கலாம்.

எனக்குப் பெருங்கவலை சிறு நிலையங்கள் பற்றியது. தனவந்தர்கள் ஸதகத்துல் ஜாரியாவாக ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிக் கொடுக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். கடின நிலத்தடி நீரில், கழிவைக் குறைக்க நன்னீரைக் கூடுதலாகப் பிழிந்தால் கல் வேகமாகப் படியும். பெயர்ப்பலகைக்குச் செலவிடுவதோடு, மாதாந்தத் தடுப்பிக்கும் பயிற்சி பெற்ற ஒருவரின் சம்பளத்துக்கும் பணம் ஒதுக்கப்பட்டதா என்று நிர்வாகத்தினரிடம் கேளுங்கள். அழுத்தத்தையும் நீர் வரத்தையும் அவர் தினமும் கொப்பியில் எழுத வேண்டும். வரத்து 10 வீதம் குறைந்தவுடன் சிற்றிக் அமிலத்தால் கழுவினால் காபனேற்றுப் படிவு கரையும். கல்சியம் சல்பேற்று படிந்து இறுகிவிட்டால் அமிலத்துக்கும் இலேசில் அசையாது, மென்சவ்வையே மாற்ற வேண்டிவரும்.