அப்பா கட்டியிருந்த கடியாரம்

"இது எங்கப்பா பினாங்கிலே கையில் கட்டியிருந்த வாட்ச். எந்த வருஷத்துதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லணும்."

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து என் மேஜைமேல் வைத்தார் அந்த அம்மாள். வயது அறுபது இருக்கலாம். தகப்பனார் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். 1975-இல் அங்கேயே காலமாகிவிட்டார். 1980-இல் மகள் பத்தாவது தேறியபோது, "அப்பா உனக்காக வைத்துவிட்டுப் போனது" என்று சொல்லி, தாயார் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். இப்போது அந்த அம்மாளின் பெண்ணுக்குக் கல்யாணம். தாத்தாவின் கடியாரத்தை வருஷத்தோடு சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று ஆசை.

ஸீக்கோ 5. சிங்கப்பூர், மலேயா போய் வந்தவர்கள் வீட்டில் ஒரு காலத்தில் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. இந்தப் பெயர் வந்தது 1963-இல். தானே சாவி ஏறுவது, கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரிவது, தண்ணீருக்குத் தாங்குவது, சாவித் திருகு நாலு மணி எண்ணருகே ஒதுங்கியிருப்பது, உறுதியான கூடு: இந்த ஐந்துக்காகத்தான் 5.

இருவருமாக எனக்குத் தெரிந்த ரிப்பேர் கடைக்குப் போனோம். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்ட கடைக்காரர் முகப்பைப் பார்க்கவேயில்லை. நேரே முதுகைத் திருப்பினார்.

"முகப்பிலே என்ன இருக்கு? சாயம் பூசி, பேரை அச்சடிச்சு, புதுசாக்கிடலாம். பழைய ஸீக்கோவுக்கு அப்படி அலங்காரம் பண்ணி விக்கிறவங்க எத்தனையோ பேர்!"

பின்மூடியில் இரண்டு எண்கள். ஒன்று 7009 என்று ஆரம்பித்தது. அது இயந்திரத்தின் எண். மற்றொன்று தொடர் எண். அதில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம்; அடுத்தது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. நவம்பர், டிசம்பருக்கு அந்த மாதப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்து. இந்தக் கடியாரத்தில் எட்டும் 'என்' எழுத்தும். அதாவது எட்டில் முடியும் ஏதோ ஒரு வருஷத்து நவம்பர்.

"அறுபத்தெட்டு! அப்ப அப்பா இருந்தாரே!" என்றார் அந்த அம்மாள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எட்டு என்றால் 1968-ஆகவும் இருக்கலாம், 1978-ஆகவும் இருக்கலாம், 1988-ஆகவும் இருக்கலாம். எந்தப் பத்து வருஷம் என்பதை இயந்திர எண்தான் சொல்லும். 7009 எழுபதுகளில் வந்த இயந்திரம். அறுபத்தெட்டில் அது கிடையாது. (பெங்களூரில் எச்.எம்.டி. கடியாரத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. ஆகவே "ஐம்பத்தெட்டில் மாப்பிள்ளைக்குப் போட்ட எச்.எம்.டி." என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுங்கள்.)

மூடி வேறு கடியாரத்திலிருந்து வந்திருக்குமோ? கடைக்காரர் அதையும் பார்த்தார். முகப்பில் ஆறு மணிக்கு அடியில், எறும்பு ஊர்ந்தாற்போலப் பொடி எழுத்தில் 7009. உள்ளே இயந்திரத்திலும் 7009. மூன்றும் ஒத்துப்போயின.

"எழுபத்தெட்டு நவம்பர்ம்மா. கலப்பே இல்லை."

அந்த அம்மாள் கணக்குப் போட்டதை முகத்திலேயே பார்த்தேன். அப்பா போனது எழுபத்தைந்தில்.

கடைக்காரர் ஒன்றும் அறியாதவராய்ப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணெய் காய்ந்திருக்கிறதாம்; துடைத்து எண்ணெய் விடும்வரை கட்டிக்கொண்டால் பற்சக்கரம் தேயுமாம். கூட்டைப் பாலிஷ் போடவே கூடாதாம். முதுகு எழுத்து அழிந்துபோனால் அப்புறம் வயது சொல்ல யாராலும் ஆகாதாம். அவர் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் கேட்பதற்கு ஆளில்லை.

படியிறங்கும்போது அந்த அம்மாள் பேசினார். "அந்த வருஷம் எங்கம்மா கையிலே வளையல் இல்லை. கண்ணாடி வளையல் போட்டிருந்தாங்க. ஏம்மான்னு கேட்டேன். தங்கம் கனக்குதுடின்னாங்க."

எண்பதில் பர்மா பஜாரில் ஸீக்கோ கிடைக்கும். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

பஸ் வந்துவிட்டது. ஏறுமுன் கடியாரத்தைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார்.

"ஓடுது. பொண்ணுகிட்டே, பாட்டி வாங்கிக் கொடுத்ததுன்னு சொல்லிக் கொடுத்துடறேன்" என்றார்.