ஓவன் வாங்குமுன் எர்த் இருக்கிறதா பாருங்க!



கேழ்வரகு பிஸ்கட், கம்பு பிஸ்கட், கேக் என்று நம் குழு உறுப்பினர்கள் பலர் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். இதற்காக மின்சார ஓவன் வாங்கக் கடன் கேட்டு வரும் மனுக்களும் கூடிவிட்டன. புது வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக்குக் கீழே இடம் விட்டு, ஓவனை அதற்குள்ளேயே பொருத்தியும் விடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மனுவில் ஓவன் விலை இருக்கிறது, அச்சு, தட்டு விலைகூட இருக்கிறது. ஒயரிங் செலவு மட்டும் இருப்பதில்லை. "பிளக்கைச் சொருகினா ஓடப்போகுது, அதுக்கு என்னக்கா தனிச் செலவு?" என்று கேட்கிறார்கள்.

ஓவனில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதை 230ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். மேசைமேல் வைக்கிற ஓவன் 1200 முதல் 2000 வாட் இருக்கும். மேடைக்குள் பொருத்துகிற ஓவன் பல 3000 வாட், சில அதற்கும் மேல். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். 20 வாட் டியூப் லைட் 150 ஒன்றாக எரிகிற மாதிரி! டி.வி., மிக்ஸி போடுகிற சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர்தான் தாங்கும். அதிலும் மிக்ஸி ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும், ஓவன் மணிக்கணக்கில் ஓடும். ஒல்லி ஒயர் சூடேறி, மேல் உறை உருகி, சுவருக்குள்ளேயே கருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுவதும் இதே ஆபத்துதான். ப்யூஸ் அடிக்கடி போகுது என்று தடிமனான கம்பியைச் சுற்றி விடுகிறவர்கள், வீட்டைக் காப்பாற்றுகிற ஒரே காவலாளியையும் தூங்க வைக்கிறார்கள்.

ஆகவே ஓவனுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள செம்பு ஒயர், 4 சதுர மில்லிமீட்டர் என்றால் நிம்மதி, 2.5க்குக் கீழே கூடவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பாயிண்ட், அதற்குத் தனியாக ஒரு எம்.சி.பி. (நாம் டிரிப்பர் என்று சொல்வது). 3500 வாட்டுக்கு மேல் போனால் பிளக்கே வேண்டாம், தனி சுவிட்ச் வைத்து நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள்.

இனி எர்த். இதைத்தான் ரொம்பப் பேர் அலட்சியம் செய்கிறோம். ஓவனின் உடம்பு முழுக்கத் தகரம். உள்ளே சூடாகும் காயில் ஈரம் பட்டோ, பழசாகியோ மின்சாரம் தகரத்துக்குக் கசியலாம். எர்த் ஒயர் இருந்தால் கசிவு அதன் வழியாகப் பூமிக்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால், ஈரக் கையோடு வெறுங்காலில் நின்று ஓவன் கதவைத் திறக்கிற நம் உடம்புதான் அதற்கு வழி. "லேசா ஜிவ்வுங்குது, செருப்புப் போட்டா ஒண்ணும் தெரியலை" என்று சொல்லிக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். அந்த ஜிவ்வு எச்சரிக்கை மணி. உடனே நிறுத்திவிடுங்கள்.

பிளக்கில் பெரிதாக இருக்கும் மூன்றாவது பின் எர்த்துக்கு உரியது. ஓட்டையில் நுழையவில்லை என்று அதை உடைத்துவிடுகிறவர்கள் உண்டு. இன்னும் மோசம், எர்த் குழி தோண்டச் சோம்பல்பட்டு நியூட்ரல் கம்பியையே எர்த்தில் முடிந்துவிடுவது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஓவன் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் எர்த் ஆகாது. வீட்டுக்கு வெளியே குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடியிருக்க வேண்டும். கோடையில் அந்த இடம் காய்ந்துபோகும். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அங்கே ஊற்றினால் போதும்.

எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. என்று இன்னொன்று இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். கசிவு தெரிந்ததும் நொடிக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும். இது இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடவும் கூடாது. அதில் 'டி' என்று ஒரு பொத்தான் உண்டு. குழுக் கூட்டம் நடக்கிற நாளில் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், பட்டென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்ற வேண்டும்.

மேடைக்குள் பொருத்துகிறவர்கள் பவர் பாயிண்டை ஓவனுக்கு நேர் பின்னால் வைக்க விடாதீர்கள். ஓவனின் முதுகு சூட்டில் ஒயர் வெந்துபோகும். அவசரத்துக்குக் கையும் எட்டாது. பக்கத்து அலமாரியில் பாயிண்டும், கைக்கு எட்டும் உயரத்தில் சுவிட்சும் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி தள்ளி இருக்கட்டும். காற்றுப் போக எவ்வளவு இடைவெளி என்று ஓவனோடு வரும் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். கொத்தனார் மேடை கட்டுமுன்பே அதை அவரிடம் காட்டிவிடுங்கள். கட்டியபின் கடப்பைக் கல்லை இடிப்பது தண்டச் செலவு.

வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடமே கொடுங்கள். உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, போதாவிட்டால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பியுங்கள். விற்பனைக்குச் சுடுவதானால் எந்தக் கட்டண வகை என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். குடிசை வீட்டு இலவச இணைப்பில் ஓவன் போடவே கூடாது.

ஒயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., எர்த் குழி, கூலி எல்லாவற்றுக்கும் ஒயர்மேனிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி கடன் மனுவோடு இணையுங்கள். ஊக்குநர்களும் மனுவைக் குழுவில் வைக்கும்போது இந்தத் தாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.