தாதியாக விரும்பும் தங்கச்சிமாருக்கு

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு. நெஞ்சு வலியோடு ஒரு தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் நாலந்தாவைச் சேர்ந்தவர். ஈ.சீ.ஜீ. எடுப்பதற்கு நெஞ்சில் வயர்களைப் பொருத்த வேண்டும். அந்த நேரம் அங்கே கடமையில் நின்றவர் ஓர் ஆண் தாதி. அந்தத் தாயோ போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பொம்புள மிஸ் ஒருத்தரக் கூப்பிடுங்க" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். பக்கத்து வாட்டிலிருந்த என்னை அழைத்தார்கள். நான் என் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிப்போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆனது. நெஞ்சு வலியில் பத்து நிமிடம் என்பது சிறிய நேரமல்ல.

வெளியே வந்தபோது அவருடைய கணவர் கண் கலங்க எனக்காகத் துஆச் செய்தார். நான் பயிற்சிக்குப் போகப்போகிறேன் என்று கேள்விப்பட்டு, "பொம்புளப் புள்ளய நைட் டியூட்டிக்கு அனுப்புறதா?" என்று என் வாப்பாவிடம் கேட்டவரும் அவர்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. நம்மில் பலருடைய நிலைமையும் அதுதான். நமக்கு நோய் வந்தால் நம் பாஷை பேசும், நம் பழக்கம் தெரிந்த பெண் தாதி வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை தாதியாகப் போகிறேன் என்றால் மட்டும் யோசிக்கிறோம்.

யோசிப்பது நல்லதுதான். ஆனால் விபரம் தெரிந்து யோசிக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

எந்த வழியால் போவது?

முதலாவது, சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் கல்லூரிகள். மூன்று வருட டிப்ளோமா. நமக்குக் கிட்டியது கண்டியில் இருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, குருநாகல், அநுராதபுரம் போன்ற இடங்களிலும் உண்டு. ஆட்களைச் சேர்ப்பதற்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி, சாதாரண தரப் பெறுபேறுகள், வயது, உயரம் என்று நிபந்தனைகள் இருக்கும். அவை காலத்துக்குக் காலம் மாறுவதால் போன வருடம் யாரோ சொன்னதை நம்பாமல் அந்த வருட வர்த்தமானியையே வாசியுங்கள். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. நான் போனது இந்த வழியால்தான்.

இரண்டாவது, பல்கலைக்கழகம். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருஹுணு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் நான்கு வருடத் தாதியியல் பட்டம் இருக்கிறது. உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படித்து, இஸட் புள்ளி போதுமானதாக இருந்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாகச் செல்லலாம். மருத்துவம் கிடைக்காத பிள்ளைகள் இதை ஆறுதல் பரிசு போல நினைக்கிறார்கள். அது பிழை. கற்பித்தல், ஆராய்ச்சி, வெளிநாட்டு மேற்படிப்பு என்று பல கதவுகளை இந்தப் பட்டம் திறக்கும்.

மூன்றாவது, முதலில் டிப்ளோமா, பிறகு பட்டம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் தாதியருக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதனால் டிப்ளோமாவை எடுத்துவிட்டால் படிப்பு அத்தோடு முடிந்தது என்று எண்ண வேண்டியதில்லை. வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பது இலேசல்ல. இரவு முழுக்க விழித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு பொல்கொல்லையிலுள்ள பிராந்திய நிலையத்துக்கு பஸ் ஏறிய நாட்கள் எனக்கு உண்டு. ஆனால் வாட்டில் கண்ட ஒன்றுக்குப் புத்தகத்தில் காரணம் கிடைக்கும்போது வரும் சந்தோஷம் வேறு.

நான்காவது, என்.வி.கியூ. என்று சொல்லும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். பராமரிப்பாளர் பயிற்சி இதில் வரும். முதியோரையும் நோயாளரையும் பராமரிக்க இது நல்ல பயிற்சி. இதை முடித்து, மொழிப் பரீட்சையிலும் சித்தியடைந்து ஜப்பான் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் பராமரிப்பாளர் வேறு, தாதி வேறு. இரண்டும் மரியாதையான தொழில்தான். ஒன்றை இன்னொன்று என்று எண்ணிச் சேர்வதில்தான் மோசம் இருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி தனியார் நிறுவனமொன்றில் 'நேர்சிங் கோர்ஸ்' செய்தாள். உம்மாவின் வளையல்களை அடகு வைத்துத்தான் பணம் கட்டினார்கள். வெள்ளைச் சீருடை, பட்டமளிப்பு விழா, சட்டம் போட்ட சான்றிதழ் எல்லாம் கிடைத்தன. வேலை தேடிப் போனபோதுதான் அந்தச் சான்றிதழைக் கொண்டு தாதியாகப் பதிவுசெய்ய முடியாது என்று தெரிந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. இன்று ஒரு வீட்டில் முதியவரைப் பராமரிக்கும் வேலை செய்கிறாள்.

இந்த நாட்டில் தாதியரைப் பதிவுசெய்வது இலங்கைத் தாதியர் சபை. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஆகவே எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் தாதியர் சபையில் பதிவுசெய்யலாமா?" ஆமென்றால் எழுத்தில் கேளுங்கள். பிறகு சபையிடமும் விசாரியுங்கள். என்.வி.கியூ. என்று சொன்னால் எத்தனையாம் மட்டம் என்றும், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்தப் பாடநெறி பதிவாகியுள்ளதா என்றும் பாருங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தாலும் இந்தப் பதிவு முக்கியம். பிரித்தானியா போகும் தாதி அங்கே ஆங்கிலத் தகைமையும் காட்டி, கணினிப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டிலும் சித்தியடைய வேண்டும். அங்கும் முதலில் பார்ப்பது நீங்கள் படித்த படிப்பையும் சொந்த நாட்டுப் பதிவையும்தான்.

வாட்டுக்குள் காத்திருப்பவை

காலை 7 மணி முதல் 1 மணி வரை, 1 மணி முதல் 7 மணி வரை, பிறகு இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை. எங்கள் கடமை நேரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிரியும். பெருநாளும் கல்யாண வீடும் இந்த அட்டவணைக்குத் தெரியாது. கால் வீங்கும், இடுப்பு வலிக்கும். இவற்றுக்கு உடம்பு பழகிவிடும். பழகக் கூடாதது கவனயீனம் மட்டுமே.

நான் புதிதாக வந்த காலத்தில் எங்கள் வாட்டில் இரண்டு பாத்திமாக்கள் இருந்தார்கள். ஒருவர் 11ஆம் கட்டில், மற்றவர் 14ஆம் கட்டில். வேலை நெருக்கடியில் 14ஆம் கட்டிலுக்குரிய இன்சுலின் ஊசியை 11ஆம் கட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டேன். "பாத்திமாதானே?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். சட்டையின் கையை மடித்தபோது, "என்ன ஊசி மகள்? எனக்குச் சீனி வருத்தம் இல்லையே" என்றார். என் கை உறைந்துவிட்டது. சீனி வருத்தம் இல்லாதவருக்கு அதைப் போட்டிருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். பொறுப்பான சிஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். ஏச்சு விழுந்தது. ஆனால் அன்றிலிருந்து 'நீங்கள் இன்னாரா?' என்று நான் கேட்பதில்லை. "உங்கள் முழுப்பெயர் என்ன?" என்று கேட்டு, பதிலைச் சீட்டோடு ஒப்பிடுகிறேன். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் கல்லூரியில் மனனம் செய்திருந்தேன். அவற்றின் பெறுமதியை எனக்குப் படிப்பித்தவர் அந்த 11ஆம் கட்டில் தாய்தான்.

கவனிப்பதும் கவனித்ததை எழுதுவதும்தான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. டெங்கு நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டதும் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். தாதி அப்போதுதான் கூடுதலாக விழித்திருக்க வேண்டும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் அநேகமாக அந்த நேரத்தில்தான் தொடங்கும். இரத்த அழுத்தம் 100க்கு 70 என்று இருந்தது, பிறகு 100க்கு 80 ஆகிறது. மேல் எண் மாறவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் 30இலிருந்து 20ஆகக் குறைந்துவிட்டது. டெங்கு நோயாளியில் அது அதிர்ச்சி நிலைக்கு அடையாளம். உடனே டொக்டரை அழைக்க வேண்டும்.

நடுச்சாமத்தில் டொக்டருக்குத் தொலைபேசி எடுக்கப் புதிய தாதிகளுக்குப் பயம். "வருத்தம் கூடின மாதிரி இருக்கு" என்று இழுத்தால் மறுபக்கத்தில் எரிச்சல்தான் வரும். இதற்கு உலகெங்கும் கையாளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். "டொக்டர், 6ஆம் கட்டில் நோயாளியின் அழுத்தம் 100க்கு 80. டெங்கு, இன்று காலை காய்ச்சல் விட்டது. சிறுநீர் குறைந்திருக்கிறது, கை குளிர்கிறது, அதிர்ச்சி நிலை என்று நினைக்கிறேன். உடனே வந்து பாருங்கள்." இவ்வளவுதான். சொல்லத் தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

இன்னொன்று ஊசி குத்துவது. பாவித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. தவறிக் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே அறிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையானால் முதல் மணித்தியாலங்களிலேயே தொடங்குவது நல்லது. 72 மணித்தியாலம் கடந்தால் பயனில்லை. ஏச்சுக்குப் பயந்து மறைப்பதுதான் குத்திய ஊசியை விட ஆபத்து. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றையும் பயிற்சிக் காலத்திலேயே போட்டு முடித்துவிடுங்கள்.

பிறகு பாஷை. பாடங்கள் ஆங்கிலத்தில், வாட்டில் பேச்சு சிங்களத்தில். தமிழில் படித்துப் போன நான் முதல் ஆறு மாதமும் அழுதேன். ஆனால் நம் தமிழுக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஒருமுறை தோட்டத்துத் தாயொருவர் "மேலெல்லாம் வலிக்குது" என்றார். புத்தகத்தில் தமிழ் படித்த சிங்களத் தோழி, உடம்பின் மேற்பகுதியில் வலி என்று எழுதப்போனாள். 'மேல்' என்றால் உடம்பு என்பது நமக்குத் தெரியும். காய்ச்சலோடு வரும் உடம்பு வலி நெஞ்சு வலியாகப் பதிவாகாமல் தப்பியது. மாத்தளை மாவட்டத்தில் மூன்று மொழியும் தெரிந்த தாதி ஒரு மருந்துக்குச் சமம்.

வீட்டில் எழும் கேள்விகள்

நம் வீடுகளில் முதற்கேள்வி சீருடை. கவுனும் தொப்பியுமான அந்த உடையை நினைத்தே பலர் பின்வாங்குகிறார்கள். நானும் வாப்பாவும் நேரில் போய் விசாரித்த பிறகே விண்ணப்பம் நிரப்பினோம். கடமை நேரத்தில் கொடுத்த சீருடை, வரும்போதும் போகும்போதும் அபாயா என்பது என் முடிவு. அதையே எல்லோரும் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்காகவே வேறு துறைக்குப் போன தோழியும் எனக்கு இருக்கிறாள். அவளை நான் மதிக்கிறேன். நீங்கள் போகும் இடத்தில் என்ன அனுமதி என்பதைச் சேர்ந்த பிறகு கேட்காமல், விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இது நமக்குப் புதிய தொழிலா என்றும் கேட்பார்கள். அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் ருபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கும்படி நபிகளார் (ஸல்) பணித்ததை நாம் படித்திருக்கிறோம். என் வாப்பாவின் வாயை அடைத்தது இந்த ஒரு செய்திதான். அதன் பிறகு இரவுக் கடமைக்கு என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டவரும் அவரேதான்.

இப்போது 10ஆம், 11ஆம் ஆண்டில் இருக்கும் தங்கச்சிமாரே, விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க நான் மாத்தளைக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தை நினைத்துக் கலைப்பிரிவுக்குத் திரும்பிய என் வகுப்புத் தோழிகள் பலர். அவர்களில் இரண்டு பேராவது நல்ல தாதிகளாக வந்திருப்பார்கள்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்த அந்தத் தாய் சுகமாகி வீடு திரும்பினார். போன வருடம் அவருடைய கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேத்திக்கு நேர்சிங் படிக்க ஆசையாம். எந்தப் போர்மை எப்போது நிரப்புவது என்று கேட்டுப் போகத்தான் வந்திருந்தார்.