மிக்சரைத் திருப்பும் முன்…

பிரேசர் டவுன் தெருக்களில் காலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய மாருதி ஆம்னி வேன்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. 1984இல் அறிமுகமான இவ்வண்டியின் உற்பத்தி 2019இல் நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கினாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ, "மிக்சரைக் கொஞ்சம் திருப்பி விடுப்பா" என்று மெக்கானிக்கிடம் சொல்வது நம்மவர் வழக்கம். கார்புரேட்டர் இருந்த பழைய ஆம்னிக்கு அது சரி. பின்னால் வந்த எம்.பி.எஃப்.ஐ. ஆம்னிக்குச் சரியல்ல.

கார்புரேட்டரில் ஐடிலிங் மிக்சருக்கென்றே ஒரு ஸ்க்ரூ உண்டு. காதால் கேட்டே சரிசெய்யலாம். ஆனால் அதற்கு ஊர் வித்தியாசம் தெரியாது. சென்னையில் சரிசெய்த வண்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருக்கு வந்தால், காற்றின் அடர்த்தி குறைவதால் பெட்ரோல் சற்று மிகுந்துவிடும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது அதன் இலக்கு. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, அது பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். திராட்டில் அருகே தெரியும் ஸ்க்ரூ மிக்சர் ஸ்க்ரூ அல்ல. திராட்டிலைத் தடுத்து நிறுத்துவது. அதைத் திருப்பினால் கம்ப்யூட்டருக்குக் குழப்பம்தான் மிச்சம்.

அப்படியானால் பெட்ரோல் மிகுவது ஏன்? கம்ப்யூட்டருக்குத் தவறான தகவல் போவதால்தான். வரிசையாகப் பாருங்கள்:

1. ஏர் ஃபில்டர், வேக்குவம் குழாய்கள். குழாயில் வெடிப்பிருந்தால் ஐடிலிங் நிலைகொள்ளாது.

2. ஸ்பார்க் பிளக். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதன் ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லிவிடும்.

3. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை. வெளிக்காற்று நுழைந்தால் விளைவு அதேதான்.

4. வெப்பநிலை சென்சார், தெர்மோஸ்டாட். எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகத் தெரிந்தால் பெட்ரோல் கூடிக்கொண்டே இருக்கும்.

5. திராட்டில் பாடியில் படிந்த கரி.

டீசல் எஞ்சினில் கரும்புகை வந்தாலும் முதலில் காற்று வழியைப் பார் என்பதே ரயில்வே ஷெட்டில் நாங்கள் கற்ற பாடம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் பழைய ஃபோக்ஸ்வாகன் வேன் வைத்திருந்தால் ஒரு விதிவிலக்கு. எல்-ஜெட்ரானிக் அமைப்புள்ள அவ்வண்டிகளில், காற்றை அளக்கும் பெட்டியில் ஒரு மிக்சர் ஸ்க்ரூ உண்டு. உள்ளே திருப்பினால் பெட்ரோல் விகிதம் கூடும், வெளியே திருப்பினால் குறையும். அதையும் மேற்சொன்னவற்றைப் பார்த்தபின், எஞ்சின் நன்கு சூடான நிலையில், புகையை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டே தொட வேண்டும்.

காரணம், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். நம் நாட்டு விதிப்படி, பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார், வேன்களுக்கு ஐடிலிங்கில் 0.5 சதவீதம்தான் எல்லை. அதற்கு முந்தையவற்றுக்கு 3 சதவீதம். எமிஷன் டெஸ்டில் சான்றிதழை மட்டும் வாங்கி மடித்து வைக்காமல், அந்த எண்ணையும் படியுங்கள். சென்ற முறையைவிட ஏறியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சினுக்கு மேலேயும் பின்னாலேயும் உட்கார்ந்து போவது நம் வீட்டுப் பிள்ளைகள்.