காலாண்டுக் கணக்கும் மாறும் விதிகளும்

2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எமது கிளைக்கு வந்தார். தாம் பங்கு வாங்கியிருந்த சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் ஜூன் காலாண்டு முடிவுகளைப் பங்குச் சந்தை இணையதளத்திலிருந்து அச்சிட்டுக் கையில் வைத்திருந்தார். "விற்பனை கூடியிருக்கிறது, இலாபம் குறைந்திருக்கிறது. வட்டிச் செலவோ ஒரே ஆண்டில் பல மடங்காகியிருக்கிறது. கம்பெனி கடனில் மூழ்குகிறதா?" என்று கேட்டார். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதி அதில் இருந்ததால், அன்றே பங்குகளை விற்றுவிடும் எண்ணத்தில் இருந்தார்.

விற்பதா, வைத்திருப்பதா என்று சொல்வது எங்கள் பணியன்று. ஆயினும், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருந்த குறிப்பு ஒன்றை அவருக்குச் சுட்டிக்காட்டினோம். அந்நிறுவனம் 2019 ஏப்ரல் 1 முதல் குத்தகை பற்றிய புதிய கணக்கியல் தரநிலைக்கு மாறியுள்ளது என்றும், முந்தைய காலாண்டுகளின் எண்கள் மாற்றியமைக்கப்படவில்லை என்றும் அக்குறிப்பு கூறியது. அருகருகே நின்ற இரண்டு எண்களும் இரு வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டவை.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 45 நாள்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. ஆண்டு முழுமைக்கான தணிக்கை செய்யப்பட்ட முடிவுகளுக்கு 60 நாள்கள் அவகாசம் உண்டு. இடைக்காலக் கணக்கைத் தணிக்கையாளர் முழுமையாகத் தணிக்கை செய்ய வேண்டியதில்லை. விசாரித்தும் ஒப்பிட்டும் பார்க்கும் வரம்புக்குட்பட்ட மறுஆய்வே போதுமானது.

இக்கணக்கைத் தயாரிக்கும் முறையை இந்தியக் கணக்கியல் தரநிலை 34 வகுக்கிறது. ஆண்டுக் கணக்கில் பின்பற்றும் கொள்கைகளையே இடைக்காலக் கணக்கிலும் பின்பற்ற வேண்டும்; ஆண்டுக்கு எத்தனை முறை கணக்கு வெளியிட்டாலும் ஆண்டின் இறுதி முடிவு மாறக்கூடாது. ஆகவே, ஆண்டின் தொடக்கத்திலிருந்து அந்தத் தேதிவரை உள்ள நிலை கணக்கிடப்பட்டு, அதிலிருந்து முந்தைய காலாண்டு கழிக்கப்படுகிறது. ஜூன் முடிவில் வாராக்கடனுக்கு 10 இலட்சம் ரூபாய் ஒதுக்கிய நிறுவனம், செப்டம்பர் முடிவில் 6 இலட்சமே போதும் என்று கண்டால், ஜூன் கணக்கைத் திருத்துவதில்லை. செப்டம்பர் காலாண்டில் 4 இலட்சம் செலவு குறைந்ததாகக் காட்டும். தீபாவளி விளம்பரத்திற்குச் செய்த செலவை நான்கு காலாண்டுகளுக்கும் பங்கிட்டுச் சமன்செய்யவும் இத்தரநிலை இடமளிப்பதில்லை. மார்ச் காலாண்டு எண்களோ, முழு ஆண்டின் தணிக்கை எண்ணிலிருந்து ஒன்பது மாத எண்ணைக் கழித்துப் பெறப்படுபவை. ஆண்டிறுதித் திருத்தங்கள் யாவும் அங்கே வந்து சேர்வதால், அக்காலாண்டைச் சற்று நிதானமாகவே வாசிப்பது எங்கள் வழக்கம்.

கொள்கை நடுவில் மாறினால் என்ன செய்வது? ஒப்பீட்டுக்குரிய பழைய காலங்களையும் புதிய முறைப்படி திருத்திக் காட்ட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஒரு புதிய தரநிலை தனக்கென மாறுதல் விதிகளைக் கொண்டிருந்தால் அவையே செல்லும். குத்தகை பற்றிய தரநிலை 116 அத்தகையது. பழைய எண்களையும் திருத்தும் முழுமையான முறை ஒன்று. மொத்த விளைவையும் மாறுதல் தேதியன்று கையிருப்பு இலாபத்தில் சரிசெய்துவிட்டுப் பழைய எண்களை அப்படியே விட்டுவிடும் முறை மற்றொன்று. பல நிறுவனங்கள் எளிதான இரண்டாவது முறையைத் தேர்ந்தன. ஆசிரியரின் குழப்பம் அதிலிருந்து பிறந்ததுதான்.

அந்த மாற்றத்தின் உள்ளடக்கத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு நிறுவனம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கடை ஒன்றை ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வாடகைக்கு எடுத்துள்ளது. எளிமைக்காக வாடகை ஆண்டு முடிவில் செலுத்தப்படுவதாகவும், வட்டி விகிதம் 10 விழுக்காடு என்றும் கொள்வோம். பழைய முறையில் ஆண்டுதோறும் 12 இலட்சம் வாடகைச் செலவு. அத்துடன் கதை முடிந்தது. புதிய முறையில், ஐந்தாண்டு வாடகையின் இன்றைய மதிப்பாகிய ஏறக்குறைய 45.49 இலட்சம், இருப்புநிலைக் குறிப்பில் ஒருபுறம் கடையைப் பயன்படுத்தும் உரிமை என்ற சொத்தாகவும் மறுபுறம் குத்தகைப் பொறுப்பு என்ற கடனாகவும் ஏறுகிறது. வாடகைச் செலவு மறைகிறது. அதனிடத்தில் ஆண்டுக்கு 9.10 இலட்சம் தேய்மானமும், முதலாண்டில் 4.55 இலட்சம் வட்டியும் வருகின்றன. ஆக முதலாண்டுச் செலவு 13.65 இலட்சம். அதாவது, பழைய முறையைவிட 1.65 இலட்சம் இலாபம் குறைவு. ஐந்தாம் ஆண்டில் வட்டி 1.09 இலட்சமாகக் குறைவதால் மொத்தச் செலவும் 10.19 இலட்சமாக இறங்கிவிடும். ஐந்தாண்டுகளையும் கூட்டினால் இரு முறையிலும் 60 இலட்சமே. கடைச் சொந்தக்காரர் பெறும் பணத்தில் ஒரு ரூபாயும் மாறவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய இலாபத்தை, பங்குச் சந்தையினர் எபிட்டா என்று வழங்குவதை, இதே கடை ஆண்டுக்கு 12 இலட்சம் உயர்த்திக் காட்டுகிறது. ஒரே அறிக்கையில் ஒருவர் எபிட்டாவைப் பார்த்து மகிழ்ந்திருக்கலாம். மற்றொருவர் நிகர இலாபத்தைப் பார்த்துக் கலங்கியிருக்கலாம். இருவருமே வணிகத்தைப் பற்றி எதையும் அறிந்திருக்க மாட்டார்கள்.

நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு இது எளிய வேலையாக இருக்கவில்லை. ஊர் ஊராக உள்ள கடை, கிடங்கு, அலுவலக ஒப்பந்தங்களை எல்லாம் திரட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் நீட்டிக்கும் உரிமை உள்ளதா, அதைப் பயன்படுத்துவது எந்த அளவுக்கு உறுதி என்று முடிவு செய்ய வேண்டும். எந்த வட்டி விகிதம் பொருந்தும் என்று மதிப்பிட வேண்டும். இவை அனைத்திலும் நிர்வாகத்தின் கணிப்பு கலந்திருக்கிறது. ஒரே தெருவில் அருகருகே கடை வைத்திருக்கும் இரு நிறுவனங்கள் வேறுபட்ட பொறுப்புகளைக் காட்டினால் வியப்பதற்கில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று மற்றொரு மாற்றம் வந்தது. காலாண்டு முடியப் பத்து நாள்களே இருந்த நிலையில், விலக்குகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு வருமான வரி 22 விழுக்காடாக, மிகைவரியும் தீர்வையும் சேர்த்து 25.17 விழுக்காடாக, அவசரச் சட்டத்தால் குறைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் அதுவரை ஏறக்குறைய 34.94 விழுக்காடு செலுத்தி வந்தன. இடைக்காலக் கணக்கில் வரியானது முழு ஆண்டுக்கும் மதிப்பிடப்பட்ட சராசரி விகிதத்தில் கணக்கிடப்படுவதால், இந்த மதிப்பீடு முழுவதையும் மறுபடி செய்ய நேர்ந்தது. வரி குறைந்தால் இலாபம் கூடும் என்றே எவரும் எண்ணுவர். எனினும், பிற்காலத்தில் வரிச்சலுகை கிடைக்கும் என்று 100 கோடி ரூபாய்க்கு ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்தை 34.94 கோடியாகப் பதிந்திருந்த நிறுவனம், புதிய விகிதத்தைத் தேர்ந்தால் அதை 25.17 கோடியாகக் குறைத்தாக வேண்டும். வித்தியாசமான 9.77 கோடி செலவாகிறது. சில நிறுவனங்கள் அதை அக்காலாண்டிலேயே முழுவதும் ஏற்றன. சில, ஆண்டின் எஞ்சிய காலாண்டுகளுக்குப் பகிர்ந்தன. நன்மை தரும் அறிவிப்பு நட்டமாக அச்சேறிய காலாண்டு அது.

எங்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பெரும்பாலான பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2017-க்குள் புதிய தரநிலைகளுக்கு மாறிவிட்டன. பெரிய வங்கிசாரா நிதி நிறுவனங்கள் 2018 ஏப்ரலில் மாறின. வங்கிகளுக்கோ ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் அதை மறு அறிவிப்பு வரும்வரை ஒத்திவைத்தது. எனவே ஒரு வங்கியின் காலாண்டு இலாபத்தையும் ஒரு வங்கிசாரா நிதி நிறுவனத்தின் காலாண்டு இலாபத்தையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது சரியாகாது. கடனுக்கான ஒதுக்கீட்டை இரண்டும் வெவ்வேறு விதிகளால் அளக்கின்றன.

கடன் வழங்குபவர் என்ற முறையில் 2019-இல் எங்கள் மேசையிலும் இச்சிக்கல் எழுந்தது. நடைமுறை மூலதனக் கடனைப் புதுப்பிக்க வந்த நிறுவனங்களின் கடன்–மூலதன விகிதம் திடீரென ஏறியிருந்தது. புதிதாக ஒரு ரூபாயும் கடன் வாங்காத நிறுவனமும் ஒப்பந்த வரம்பைத் தாண்டியதுபோலத் தோன்றியது. குத்தகைப் பொறுப்பைத் தனியே எடுத்துவிட்டு விகிதத்தை மறுபடி கணக்கிட்ட பின்னரே, உண்மையில் யாருடைய கடன் கூடியிருந்தது என்பது புலப்பட்டது. சிலருடையது கூடித்தான் இருந்தது.

ஆசிரியருக்கும் நாங்கள் அதையே செய்து காட்டினோம். குறிப்பில் தந்திருந்த குத்தகைத் தேய்மானத்தையும் குத்தகை வட்டியையும் கூட்டி, அவற்றின் இடத்தில் பழைய முறைப்படியான வாடகையை வைத்தபோது, இலாபம் முந்தைய ஆண்டைவிடச் சிறிதளவு கூடியிருந்தது. குத்தகையைச் சாராத வட்டியும் சற்றுக் கூடியிருந்தது. புதிய கடைகளுக்காக வாங்கிய கடன் அது. "அப்படியானால் இந்த வட்டியைத்தான் நான் கவனிக்க வேண்டும்" என்று கூறி, அந்த எண்ணைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டு எழுந்தார். நவம்பரில் அடுத்த காலாண்டின் தாளுடன் மீண்டும் வந்தார். அம்முறை குறிப்புகள் இருந்த பக்கத்தை முதலில் மடித்து வைத்திருந்தார்.