பழைய கணிப்பொறிக்கு மறுபிறவி

1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'விசார்ட்ரி' என்ற கணிப்பொறி விளையாட்டு வெளிவந்தது. ஆண்ட்ரூ கிரீன்பர்க், ராபர்ட் உட்ஹெட் என்ற இருவர் அதை எழுதினர். ஆடுபவர் போர்வீரன், திருடன், மந்திரவாதி என ஆறு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்து, பத்து அடுக்குப் பாதாளத்துக்குள் அனுப்ப வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் 20-க்கு 20 கட்டங்கள். திரையில் தெரிபவை சில கோடுகளே. வழியைக் கட்டம் போட்ட தாளில் ஆடுபவரே வரைந்துகொள்ள வேண்டும். குழு மடிந்தால் அச்செய்தி உடனே பிளாப்பித் தட்டில் எழுதப்பட்டுவிடும். வேறொரு குழுவை அனுப்பி உடல்களை மீட்டுவந்து, கோயிலில் பொன் கட்டி உயிர்ப்பிக்க முயலலாம். முயற்சி பலிக்காவிட்டால் உடல் சாம்பலாகும். மறுமுயற்சியும் தவறினால், பல வாரங்கள் வளர்த்த பாத்திரம் அடியோடு மறைந்துபோகும்!

இவ்விளையாட்டு ஆப்பிள் 2 என்ற கணிப்பொறிக்காக எழுதப்பட்டது. 1977-இல் வந்த அந்தக் கணிப்பொறிக் குடும்பத்தின் உற்பத்தி 1993-இல் நின்றுவிட்டது. பிளாப்பித் தட்டுகளின் காந்தப் பூச்சோ ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. தட்டிலுள்ள எண்களை இன்றைய கணிப்பொறிக்கு மாற்றினால் போதாதா? போதாது. ஆப்பிள் 2-இன் மூளை 6502 என்ற சில்லு. 169 என்ற எண்ணைக் கண்டால் அது, 'அடுத்து வரும் எண்ணை ஏ என்னும் பதிவகத்தில் வை' என்று புரிந்துகொள்ளும். இன்டெல் வகைச் சில்லுக்கு அதே 169 வேறொரு கட்டளை.

இங்கேதான் எமுலேட்டர் வருகிறது. பழைய கணிப்பொறியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம் அது. அதன் வேலையைப் பொறுமையுள்ள எவரும் தாளும் பென்சிலும் கொண்டு செய்யலாம். 65,536 கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். அதுதான் 6502 எட்டக்கூடிய நினைவகம். ஏ, எக்ஸ், ஒய் என்ற பதிவகங்களுக்குத் தனிக் கட்டங்கள். அடுத்த கட்டளை எங்கே என்று காட்ட ஒரு விரல். விரல் நிற்கும் கட்டத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள், அட்டவணையில் அதன் பொருளைப் பாருங்கள், சொன்னபடி செய்யுங்கள், விரலை நகர்த்துங்கள். எமுலேட்டர் இதையே வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை செய்கிறது. கருத்து புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம் 360 கணிப்பொறிகளும் தங்கள் முன்னோர்களின் புரோகிராம்களை இவ்விதமே ஓட்டின.

வேகமாக ஓட்டுவது எளிது. சரியான வேகத்தில் ஓட்டுவதே கடினம். 6502-க்கு வினாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் துடிப்புகள். திரைப் படம் ஒருமுறை வரையப்படும் நேரத்தில் 17,030 துடிப்புகள். ஆப்பிள் 2-இல் ஒலிக்கெனத் தனிச் சில்லு இல்லை. 49,200-ஆம் முகவரியைப் புரோகிராம் தொடும் ஒவ்வொரு தடவையும் ஒலிபெருக்கியின் சவ்வு ஒரு முறை அசையும். எத்தனை துடிப்புக்கு ஒருமுறை தொடுகிறதோ அதைப் பொறுத்தே சுருதி. எமுலேட்டர் கணக்குத் தவறினால் கட்டை மாறிவிடும்.

தட்டின் கதை இன்னும் சுவையானது. ஒரு பக்கத்தில் 35 வட்டத் தடங்கள், தடத்துக்கு 16 பகுதிகள், பகுதிக்கு 256 பைட்டுகள், மொத்தம் 1,43,360. கள்ளப் பிரதி எடுப்பதைத் தடுக்க வெளியீட்டாளர்கள் தட்டில் வேண்டுமென்றே சில ஒழுங்கீனங்களைப் புகுத்தினர். சாதாரண நகலில் அவை வாரா. அவற்றைக் காணாத விளையாட்டு ஓட மறுத்துவிடும். ஆகவே இப்போது எண்களை மட்டுமல்ல, காந்தக் குறிகள் அமைந்துள்ள விதத்தையே பதிவு செய்கிறார்கள். 2018-இல் இதற்கென வந்த கோப்பு முறைக்கு, ஆப்பிளை வடிவமைத்த வோஸ்னியாக்கின் நினைவாக 'வோஸ்' என்று பெயர். திருடனுக்குப் போட்ட பூட்டு, கடைசியில் நூலகருக்கே இடையூறாயிற்று!

விசார்ட்ரியில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. அது பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டது. அக்காலத்து ஆப்பிள் பாஸ்கல் 6502-க்கான கட்டளைகளைத் தராது. எங்குமே இல்லாத ஒரு கற்பனைக் கணிப்பொறிக்கான கட்டளைகளையே தரும். 6502 அந்தக் கற்பனைப் பொறியாக நடித்தது. இன்று நம் சில்லு 6502-ஆக நடிக்கிறது. ஆக, வேடத்துக்குள் வேடம்.

எமுலேட்டரில் ஆடுபவருக்குப் புதிய வசதி ஒன்று உண்டு. அந்த 65,536 கட்டங்களையும் பதிவகங்களையும் எந்த நொடியிலும் அப்படியே நகலெடுத்து வைக்கலாம். வீரன் மடிந்தால் முந்திய நொடிக்குத் திரும்பலாம். தட்டின் நகலையும் சேர்த்து மீட்க மறந்தால், நினைவகத்தில் உயிரோடிருப்பவன் தட்டில் பிணமாக இருப்பான்! ஆனால் கதவைத் திறக்குமுன் கை தயங்குமே, அந்தத் தயக்கத்தை இந்த வசதி பறித்துவிடுகிறது. பொறியைப் பிசகின்றி நகலெடுத்தும் விளையாட்டின் உயிர்நாடி நழுவிவிடுகிறது. எனவே முதல் முறை ஆடுவோர் இதைத் தொடாமல், கட்டத் தாளுடன் உட்காருவதே நல்லது என்பேன்.

2024-இல் விசார்ட்ரி புதிய வண்ணப் படங்களுடன் முழுமையாக மறுபடி வெளிவந்தது. அதன் அடியில் ஓடுவது 1981-இன் மூலப் புரோகிராமே. விரும்பினால் ஆப்பிள் 2-இன் அந்தப் பழைய கோட்டுச் சுவர்களையும் ஆடும்போதே திரையில் பார்க்கலாம்.